ஞாயிற்றுக்கிழமைச் சோதனை போதாது

(கோவையில் ஆலை, அலுவலகக் கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டடத்துக்குள் செல்போன் சிக்னலுக்காகவோ வைஃபை போன்களுக்காகவோ ஆன்டெனா மாட்டி முடித்த கையோடு உங்கள் மேசைக்கு இரண்டு தாள்கள் வரும். ஒன்று பில். இன்னொன்றில், எல்லா இடத்திலும் சிக்னல் திருப்திகரமாக இருக்கிறது என்று ஒற்றை வரி அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். பில்லை நாம் வரி வரியாகப் பார்க்கிறோம். ஜிஎஸ்டி சரியா, கேபிள் எத்தனை மீட்டர் என்று கேட்கிறோம். இரண்டாவது தாளில் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். இன்று அந்த இரண்டாவது தாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாட்டியவரே சோதிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் சோதித்தே ஆக வேண்டும். கேபிள் இணைப்புகளில் அலை திரும்பி வருகிறதா, ஒவ்வொரு ஆன்டெனாவிலும் கணக்கிட்ட அளவு சக்தி வந்து சேர்கிறதா என்பதெல்லாம் அவர் கருவி வைத்துப் பார்க்க வேண்டியவை. அரை அங்குல கேபிளில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலை நூறு மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 10 டெசிபல் இழந்துவிடும், அதாவது பத்தில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். இந்தக் கணக்கு அவருடையது. ஆனால் அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர் நின்ற இடத்திலிருந்து பேச முடிகிறதா என்பது அவருக்குத் தெரியாது. அவர் அங்கே வேலை செய்கிறவர் அல்லவே.

முதலில் கோடுகளை மறந்துவிடுங்கள். போனின் மேல் மூலையில் ஏறி இறங்கும் அந்த நாலைந்து கோடுகளுக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் செய்கிற கம்பெனி தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்கிறது. 2010 ஜூனில் ஐபோன் 4 வெளிவந்தபோது, கையில் ஒரு மாதிரிப் பிடித்தால் கோடுகள் சரசரவென்று சரிகின்றன என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். ஜூலை தொடக்கத்தில் ஆப்பிள் ஒரு கடிதம் வெளியிட்டது. கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே முற்றிலும் தவறு, பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு விலை கூடிய போன்களில் ஒன்றின் கதை இது.

கோட்டுக்குப் பதில் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், போனைப் பற்றிய பகுதியில், சிம் நிலவரத்தைத் திறந்தால் மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் வரும். அதன் அலகு டிபிஎம். மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் சிறிதாகிறது. 4ஜியில் மைனஸ் 85 நல்ல சிக்னல். மைனஸ் 95 வரை பேச்சுக்குத் தொல்லை இல்லை. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். மூன்று டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது. முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே 85-க்கும் 95-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

எண் நன்றாக இருந்தும் பேச்சு மோசமாக இருக்கும் இடங்களும் உண்டு. உயரமான கட்டடத்தின் மேல் தளங்களில், ஜன்னலோரம் நின்றால், ஊரில் உள்ள பல டவர்கள் ஒரே பலத்தில் வந்து விழும். போன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மாறி மாறித் தாவும். அதனால் சிக்னலின் பலத்தோடு அதன் தரத்தையும், அதாவது இரைச்சலைவிட அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதையும், அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு சிக்கலாகிறது? கட்டடங்கள் மாறிவிட்டன. வெயில் உள்ளே வராமலிருக்க இப்போது போடுகிற பூச்சுக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. அது வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. கூடவே சிக்னலையும் திருப்பி அனுப்புகிறது. 20, 30 டெசிபல் இழப்பெல்லாம் அதில் சாதாரணம். பழைய செங்கல் சுவரே தேவலை. நம் ஆலைகளின் தகரக் கூரையும் அப்படித்தான். லிஃப்ட் என்பது நாலு பக்கமும் இரும்பு. இவற்றோடு மனிதர்களும் இருக்கிறார்கள். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். கையும் தலையும் சேர்ந்து சில டெசிபலை விழுங்கிவிடும். போனை மார்புக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்து எடுத்த அளவும், சட்டைப் பையில் கிடக்கும் போனுக்குக் கிடைக்கும் அளவும் ஒன்றாக இருக்காது.

இனி நியூயார்க்கில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது செல்போன் கதை அல்ல, தீயணைப்பு வீரர்களின் கைரேடியோ பற்றியது. ஆனாலும் கட்டடத்துக்குள் சிக்னல் சோதனை என்றால் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1993-இல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தது. அத்தனை உயரமான கோபுரங்களுக்குள் தீயணைப்புத் துறையின் ரேடியோ சரியாக எட்டவில்லை என்பது அப்போது தெரிந்தது. 1994-இல் கட்டடத்தின் உரிமையாளரான துறைமுக ஆணையம் தன் செலவிலேயே, சிக்னலை வாங்கிப் பெருக்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் அமைத்துக் கொடுத்தது. அதை எப்போதும் ஆன் செய்தே வைக்கலாம் என்பது ஆணையத்தின் யோசனை. சுற்றுவட்டாரத்தில் நடக்கும் மற்ற ரேடியோ பேச்சுக்கு இடையூறாகும், தேவைப்படும்போது மட்டும் போட்டால் போதும் என்றது தீயணைப்புத் துறை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில் அது தேவைப்படும்போது ஆன் செய்கிற ஏற்பாடாக அமைந்தது.

2001 செப்டம்பர் 11. வடக்குக் கோபுரத்தில் 8.46-க்கு விமானம் மோதியது, தெற்கில் 9.03-க்கு. 9.05-க்கு, வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் நின்ற தீயணைப்பு அதிகாரிகள் அந்த ரிப்பீட்டரைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் தலைமை ஹேண்ட்செட்டிலிருந்து பேச்சு போவதற்கு இரண்டாவதாக ஒரு பொத்தானையும் அழுத்த வேண்டும். அன்று காலை முழுவதும் அந்தப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. சோதித்தவருக்குப் பதில் கேட்கவில்லை. ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி, அவர்கள் வேறு வழியில் பேசிக்கொள்ளப் போனார்கள். உண்மையில் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தெற்குக் கோபுரத்துக்குப் போன குழு அதே அலைவரிசையைப் பயன்படுத்தியது. ஓர் அதிகாரி 78-ஆம் மாடி வரை ஏறி அங்கிருந்து பேசியது பதிவாகியே இருக்கிறது. 9.59-க்குத் தெற்குக் கோபுரமும், 10.28-க்கு வடக்குக் கோபுரமும் விழுந்தன. 2004-இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது.

ரிப்பீட்டரைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்ற கணக்குக்குள் நான் போக மாட்டேன். கெட்டுப்போன காரணங்கள் அன்று வேறு பலவும் இருந்தன. நான் பார்ப்பது ஒன்றைத்தான். கருவி நன்றாக இருந்தது, ஆன்டெனா நன்றாக இருந்தது, சிக்னல் 78-ஆம் மாடி வரை போனது. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் அதே இடத்தில், அதே பொத்தான்களோடு, பரபரப்பில் எப்படிக் கையாள்வார்கள் என்பது பழகிப் போயிருக்கவில்லை. ஆறேழு வருடமாக மாட்டி வைத்திருந்த ஒன்று, தேவைப்பட்ட நேரத்துச் சோதனையில் தோற்றுப்போனது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே நான் பார்க்கிற பெரும்பாலான ஒப்படைப்புச் சோதனைகள் ஞாயிற்றுக்கிழமை நடக்கின்றன. காரணம் நல்ல காரணம்தான். மெஷின் ஓடாது, ஏணி வைக்க இடம் இருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் நீங்கள் வாங்கியது ஞாயிற்றுக்கிழமைக்கான சிக்னலா? ஒரு நூற்பாலையில் பஞ்சு கிடங்கு காலியாக இருந்த சமயம் நடந்து பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டார்கள். சீசனில் பேல்கள் கூரை வரை அடுக்கப்பட்டதும் கிடங்கின் பின்பாதியில் போன் செத்துப்போனது. ஆன்டெனா மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

ஆகவே ஷிஃப்ட் நடக்கும்போது சோதியுங்கள். தீக்கதவுகள் மூடியிருக்க வேண்டும். லிஃப்டுக்குள் ஏறிக் கதவு சாத்தியபின் பேசிப் பாருங்கள். ஜெனரேட்டர் அறை, பாய்லர் பக்கம், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு இறங்கும் இடம், சாயப்பட்டறை என்றால் கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதி, கழிப்பறை, இரவுக் காவலர் உட்காரும் மூலை. ஆள் தனியாக மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் எது என்று யோசித்துப் பட்டியல் போட்டால் போதும். மேலாளர் அறையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே எப்படியும் மேசை போன் இருக்கிறது.

சோதனை என்பது பேச்சாக இருக்க வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் செயலியை ஓட்டி, 300 மெகாபிட் வருகிறது பாருங்கள் என்று காட்டுவார்கள். ஆனால் அது டேட்டாவின் வேகம். போனின் தலையில் 5ஜி என்று எழுதியிருந்தாலும் பல சமயம் குரல் 4ஜி வழியாகத்தான் போகிறது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசைகள், வெவ்வேறு ஊடுருவல். நான் சொல்வது பழைய முறை. ஒருவர் போன் செய்துகொண்டு நடக்கட்டும். நடந்துகொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகட்டும். மறுமுனையில் இருப்பவர் கையில் கட்டட வரைபடமும் பென்சிலும். இருபத்திரண்டு கேட்டது, அடுத்துக் கேட்டது இருபத்தாறு என்றால் இடையில் அறுந்திருக்கிறது. நடப்பவர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்பவர் வரைபடத்தில் குறித்துக்கொள்வார். பிறகு ஆள் மாறி, நடப்பவர் கேட்க, உட்கார்ந்திருப்பவர் எண்ண வேண்டும்.

இரண்டு பக்கமும் ஏன் என்றால், ஏறுவதும் இறங்குவதும் ஒன்றல்ல. டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது. 4ஜியில் உங்கள் போனால் பொதுவாக அதிகபட்சம் 200 மில்லிவாட்தான் முடியும். எனக்கு நன்றாகக் கேட்கிறது, அவருக்குத்தான் கேட்கவில்லையாம் என்று அடிக்கடி கேட்கிற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான். போகிற வழியிலேயே திரும்பி நடக்கவும் வேண்டும். ஓர் ஆன்டெனாவிலிருந்து அடுத்ததற்கு மாறுவதில் போன்கள் கொஞ்சம் பிடிவாதக்காரர்கள். பழையதையே கட்டிப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் வரும். போகும்போது வராண்டாவின் நடுவில் மாறியது, வரும்போது மாடிப்படி முனையில் மாறும், அல்லது அறுந்துபோகும்.

சிம் விஷயமும் இருக்கிறது. சோதிக்க வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரே கம்பெனி சிம்தான் இருக்கும். உங்கள் தொழிலாளர்களிடம் ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் நாலும் இருக்கும். எந்தெந்தக் கம்பெனிகளுக்காக மாட்டியது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியே நடந்து பார்க்க வேண்டும்.

வைஃபை வழியாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 டிசம்பரில் ஏர்டெலும் அடுத்த மாதம் ஜியோவும் வைஃபை அழைப்பைக் கொண்டு வந்தபின், பல அலுவலகங்கள் இதையே நம்பி இருக்கின்றன. குரலுக்கு வைஃபை சிக்னல் மைனஸ் 67-க்குக் கீழே போகக்கூடாது என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் அளவு. மின்னஞ்சலுக்கு இதைவிடக் குறைந்தாலும் ஓடும், பேச்சுக்கு ஓடாது. ஒரு பக்கக் குரல் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, சொல்லுங்க சொல்லுங்க என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்போது எந்த அறிக்கையிலும் நான் பார்க்காத ஒரு சோதனை. மெயினை ஆஃப் செய்யுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரை உள்ள இடைவெளியில் ரிப்பீட்டர் உயிரோடு இருக்கிறதா? கம்ப்யூட்டர்களுக்கு யுபிஎஸ் இருக்கும். கூரைக்கு மேல் ஒளிந்திருக்கும் வைஃபை பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச், வராண்டா மூலையில் ஏதோ ஒரு சாதாரண பிளக்கில் சொருகியிருக்கும். கரண்ட் போனதும் எல்லாம் அணையும். ஜெனரேட்டர் வந்தபின் ஒவ்வொன்றும் மறுபடி விழித்துத் தயாராகச் சில நிமிடம் பிடிக்கும். இருட்டில், மெஷின் நின்று, யாராவது யாரையாவது கூப்பிடத் தேடும் அந்த நேரத்தில்தான் கட்டடம் முழுக்க ஊமையாக இருக்கும். இதை ஒரு தடவை நேரில் செய்து பார்த்தால் யுபிஎஸ் வாங்கும் கோப்பு தானாக நகரும்.

தறிக்கூடம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சிக்னல் பிரமாதமாக இருக்கும், மணியும் அடிக்கும், யாருக்கும் கேட்காது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் சத்தம்தான் வரம்பு என்று வைத்திருக்கிறோம். அந்த வரம்பிலேயே போன் மணி மூழ்கிவிடும். காதில் அடைப்பான் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே சோதிக்க வேண்டியது அதிர்வும் விளக்கும்தான். சிக்னல் அறிக்கையில் இதற்கு இடம் கிடையாது. நீங்களே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை இடத்தில் அளப்பது என்று எல்லோரும் கேட்பீர்கள். அமெரிக்காவில், தீயணைப்பு வீரர்களின் ரேடியோவுக்காக, பல ஊர்கள் பின்பற்றும் ஒரு விதிமுறை இருக்கிறது. ஒவ்வொரு தளத்தையும் ஏறக்குறைய சமமான 20 கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் அளக்க வேண்டும். அதன் முந்தைய பதிப்புகளில் மைனஸ் 95-க்குக் குறையக்கூடாது என்று இருந்தது. ஒட்டியிருக்காத இரண்டு கட்டங்கள் வரை தோற்றாலும் தளம் தேறியதாகக் கொள்ளலாம். எளிமையான முறை, நம் கட்டடங்களுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு கட்டச் சலுகையை நான் தரமாட்டேன். தோற்கிற இரண்டு கட்டமும் எவையாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாடிப்படியும் லிஃப்ட் ஓரமும்தான். ஆபத்தில் எல்லோரும் ஓடி வந்து நிற்கிற இடம் அவை. இது அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. அங்குள்ள இன்னொரு தீப்பாதுகாப்பு நூல் மாடிப்படி, பம்பு அறை போன்ற முக்கிய இடங்களைத் தனியே எடுத்து அவற்றுக்கு 99 சதவீதம் என்று கேட்டது. 20 கட்டமும், அதற்கு மேல் முக்கிய இடங்களின் பட்டியலும் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே நமக்குச் சரி.

நம் நாட்டிலும் இந்தப் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது. 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களுக்கு அவற்றின் உள்ளே கிடைக்கும் இணைப்பின் தரத்தை வைத்து மதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறையைக் கொண்டு வந்தது. நாளைக்கு வாடகைக்கு வருகிறவர் அந்த மதிப்பீட்டைக் கேட்கலாம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. சிக்னல் குறைகிறது என்றதும் இணையத்தில் விற்கும் மலிவு பூஸ்டரை வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உரிய அனுமதி இல்லாமல் அதை வைப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், அதன் தன்மையைப் பாருங்கள். வெளியே வாங்கும் ஆன்டெனாவும் உள்ளே கொடுக்கும் ஆன்டெனாவும் போதிய அளவு பிரிந்து இல்லாவிட்டால், ஸ்பீக்கர் முன்னால் மைக்கைக் கொண்டுபோனது போல அது தன் குரலையே திரும்ப வாங்கி ஊளையிட ஆரம்பிக்கும். அந்த ஊளை நேரே டவருக்குப் போகும். உங்கள் கட்டடத்தில் நாலு கோடு. தெருவில் உள்ள மற்றவர்களுக்குப் பேச்சே இல்லை. முறையாக மாட்டிய ரிப்பீட்டரிலும் இதே ஆபத்து உண்டு என்பதால், அந்தப் பிரிவை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

சோதித்த வரைபடத்தைக் கோப்பில் வையுங்கள். புதிதாகத் தடுப்புச் சுவர் எழுப்பினாலோ, மெஷின் இடம் மாறினாலோ, கண்ணாடி மாற்றினாலோ அதே வரைபடத்தோடு மறுபடி நடக்க வேண்டும். பழைய எண் இல்லாவிட்டால் புதிய எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை.

ஒப்பந்தம் எழுதும்போதே, கடைசித் தவணை வேலை நாளில் நடந்த சோதனைக்குப் பிறகுதான் என்று சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள், கையெழுத்தையாவது ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். நல்ல காண்ட்ராக்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பின்னால் வருகிற புகாருக்கு ஓடி வருவதைவிட இது அவருக்கும் லாபம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோதிக்கிற உற்சாகத்தில் 112-ஐயும் 108-ஐயும் அழைத்துப் பார்க்காதீர்கள். அங்கே எடுக்கிறவர் ஒரு நிஜமான அழைப்பை விட்டுவிட்டு உங்களோடு பேச வேண்டியிருக்கும். உங்கள் சக ஊழியரின் எண்ணை அழையுங்கள்.